அவள் விரலுக்குத் திறக்கும் போன்

"ஒரு மாசத்துக்கு இருபத்தெட்டு நாளுங்கய்யா" என்றாள் கடைப்பெண்.

"எந்த மாசத்துக்கும்மா?"

"எல்லா மாசத்துக்குமே அப்படித்தானுங்க."

நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட போன் கடை அது. என்னுடைய பட்டன் போன் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனதால் புதிது வாங்க வந்திருந்தேன். என் மனைவிக்குப் பல்வலி. பல் வைத்தியரிடம் காட்டிவிட்டு இருவருமாக அப்படியே கடைக்குள் நுழைந்தோம். ஒசூரில் இருக்கும் மகன், "தொடுதிரை போனா வாங்குங்கப்பா, அம்மா முகத்தைப் பாத்துப் பேசலாம்" என்று சொல்லியிருந்தான். இருப்பதிலேயே விலை குறைந்ததைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். ப்ரீபெய்டு சிம்மும் அதோடு சேர்ந்தே வரும், முதல் ரீசார்ஜ் இலவசம், அடுத்ததிலிருந்து மாதாமாதம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அந்த இடத்தில்தான் இருபத்தெட்டு வந்தது.

நான் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரும்பு வண்டி உள்ளே வரும்போது ஓர் எடை, வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஓர் எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் விவசாயியின் வருடத்து உழைப்பு. அதில் ஐந்து கிலோ அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போக நான் விட்டதில்லை. என்னிடம் வந்து மாதம் என்றால் இருபத்தெட்டு என்கிறாள். பஞ்சாங்கத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். இவர்கள் கணக்கில் பதிமூன்று. பதிமூன்று தடவை போட்ட பிறகும் ஒரு நாள் மிச்சம் நிற்கிறது. அந்த ஒரு நாளைக்கு யார் பொறுப்பு?

கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனேன்.

"நாடு முழுக்க இதேதானுங்கய்யா. நாங்களா வெச்சோம்?"

"நாடு முழுக்கத் திருடினா அது திருட்டு இல்லையா?"

"நீங்க வாத்தியாருங்களா?" என்றான்.

"ஏன், வாத்தியார்தான் கணக்குக் கேட்கணுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மெமரி கார்டு ஒன்று தனியாகப் போட்டுக்கொண்டால் படங்களைப் பத்திரமாக வைக்கலாம் என்று அவன் எடுத்து வைத்ததையும் வேண்டாம் என்று தள்ளினேன். இருபத்தெட்டை முப்பது என்று விற்பவன் கையிலிருந்து ஒரு குண்டூசிகூட அதிகமாக வாங்கக் கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

நான் கல்லாவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கடைப்பெண் போனை அமைத்துக்கொண்டிருந்தாள். பூட்டுப் போடுவதற்கு என் கட்டைவிரலைக் கேட்டாள். வைத்தேன். ஏறவில்லை. துடைத்து வைத்தேன். ஏறவில்லை. வலது, இடது, ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் அது என்னை மனிதனாகவே ஏற்கவில்லை. ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான். பேனா பிடித்த விரல், வயதாகி வழவழவென்று போய்விட்டது.

"அம்மா, நீங்க வெச்சுப் பாருங்க" என்றாள் கடைப்பெண்.

என் மனைவி முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். உடனே ஏறிக்கொண்டது. தினமும் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கிற கை, சாணி வழிக்கிற கை. அந்த விரலில் ரேகை அப்படியே இருக்கிறதாம்.

"விரல் படலைன்னா நாலு நெம்பரும் வேணுங்கம்மா. உங்களுக்கு மறக்காத நாலு நெம்பரு போடுங்க" என்று அந்தப் பெண் போனை அவளிடம் நீட்டியது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் அப்போது முதலாளியிடம் பதிமூன்றாவது மாதத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படியாக, என் பணத்தில் நான் வாங்கிய போன் என் மனைவியின் விரலுக்கு மட்டும் திறப்பதாக வீடு வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு பரமத்தி வேலூருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிறது. வந்த அழைப்பை எடுத்துப் பேச எந்தத் தடையும் இல்லை. நானாக யாரையாவது அழைக்க வேண்டும் என்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டும். மாடு கட்டும் கட்டுத்தறியில் இருந்தால் கட்டுத்தறிக்கு, துணி துவைத்தால் கல்லுக்கு, பக்கத்துத் தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தால் அங்கே.

"இந்தா புள்ள, விரலை வை."

"கை ஈரமா இருக்குதுங்க. சித்த நேரம் பொறுங்க."

"நெம்பரைச் சொல்லு. நானே போட்டுக்கறேன்."

"அதான் விரலு இருக்குதுல்ல. நான் எங்க ஓடியா போறேன்?"

அதைக் கேட்டு வாங்காமல் விட்டது என் முட்டாள்தனம் என்று மகன் சொல்கிறான். கட்டிய மனைவியிடம், முன்பின் தெரியாதவரிடம் பேனாவைக் கேட்பது போல, ஒரு நான்கு இலக்க எண்ணைக் கேட்டுக் கெஞ்ச வேண்டுமா? இல்லை என்பதுதான் என் நிலை. இன்றும் அதுதான்.

வரும் அழைப்பை விட்டால், அந்தப் போன் ஒன்றே ஒன்றுக்குத்தான் என்னிடம் விரல் கேட்காமல் வேலை செய்தது. பக்கத்தில் இருக்கும் பொத்தானை இரண்டு தரம் அமுக்கினால், பூட்டைத் திறக்காமலே படம் எடுக்கும். கடைப்பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். எடுத்த படத்தைப் பூட்டுத் திறந்தால்தான் பார்க்கவோ மற்றவருக்கு அனுப்பவோ முடியும். கோவில் உண்டியல் மாதிரி. போடுவது யாரும் போடலாம். எடுப்பதற்குச் சாவி வேண்டும்.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கும் இரண்டு ஏக்கர் என் மனைவியின் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு நகை போடுவார்கள், மாடு ஓட்டி விடுவார்கள். பூமி கொடுக்க மாட்டார்கள். அவர் கொடுத்தார். கொடுத்தது மட்டும் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் நால்வரைக் கூட்டி வைத்து எல்லைக் கல்லுக்குச் சந்தனம் வைத்து, "இந்தக் கல்லுக்கு இந்தண்டை என் மகளுது" என்று சொன்னார். அந்தண்டை அவர் மகனுடையது. அதாவது என் மனைவியின் தம்பி, என் மச்சினன். இரண்டுக்கும் நடுவில் கிளுவை வேலி. முள்ளும் தடித்த தண்டுமாக ஆடு நுழைய முடியாத வேலி. வேலி முடியும் மூலையில் அந்த அளவுக்கல்.

மச்சினன் பத்து வருடத்துக்கு முன்பு கோழிப்பண்ணை போட்டான். முதலில் ஒரு கொட்டகை. இப்போது ஐந்து. முட்டை லாரி, தீவன லாரி எல்லாம் வேலியை ஒட்டிய வண்டித் தடத்தில்தான் வந்து திரும்ப வேண்டும். புதிதாக வந்த தீவன லாரி நீளம். மூலையில் திரும்பவில்லை. ஒரு நாள் ஓட்டுநர் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்து, கடைசியில் வேலியைக் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போனான். அன்றைக்கே நான் மச்சினனிடம் சொன்னேன்.

"மாப்ள, உன் லாரிக்கு உன் பக்கம் தடத்தை அகலம் பண்ணிக்க."

"என் பக்கம் தண்ணித் தொட்டி இருக்குதுங்க மச்சான். ரெண்டடி தான. நம்முளுக்குள்ள என்னங்க?"

நம்முளுக்குள்ள. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சீமையில் எத்தனை வேலி நகர்ந்திருக்கும்!

ஒரு காலை, நான் வாழைக்குச் சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பொக்லைன் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கிளுவை வேலி ஒரு முழுப் பாகம் வேரோடு பெயர்ந்து கிடக்கிறது. பொக்லைனின் பல் எல்லைக் கல்லுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. மச்சினன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை நீட்டி, "அதையும் எடு, அதையும் எடு" என்று சைகை காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் முதுகு என் பக்கம். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பான், கை தவறி நடந்தது என்று சொல்லியிருப்பான். பொத்தானை இரண்டு தரம் அமுக்கினேன். பதினோரு படம் எடுத்தேன். கல் பாதி எழும்பியது, முழுதாக எழும்பியது, பொக்லைன் வாயில் கல் தொங்குவது, பக்கத்தில் அவன் கை நீட்டி நிற்பது, அவன் திரும்பியபோது முகம். வரிசையாக எல்லாம் எடுத்த பிறகுதான், "ஏண்டா டேய்!" என்று கத்தினேன்.

அவன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டான். பிறகு, "வாங்க மச்சான், டீ குடிக்கலாம்" என்றான்.

என்ன தைரியம்! ரெண்டடி என்றவன் எடுத்தது நாலடி அகலம். கல்லிலிருந்து வடக்கே வேலி நீளம் முழுக்க நாலடி என்றால் எத்தனை சதுர அடி என்று அங்கேயே நின்று மனதுக்குள் போட்டுவிட்டேன். அந்தத் துண்டில் அறுபத்திரண்டு வாழை நிற்கலாம்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். அளவுக்கல்லைப் பிடுங்குவது குற்றம்தான், யார் பிடுங்கினார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். "படம் இருக்குது" என்றேன். "காட்டுங்க" என்றார். போனை நீட்டினேன். "திறந்து காட்டுங்கய்யா" என்றார். திறக்கத் தெரியாத போனைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் நிற்பவனை என்ன நினைப்பார்கள்? யாருடைய போன் இது என்று கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"விரலை வை."

"எதுக்குங்க?"

சொன்னேன். பொக்லைன், கல், படம், காவல் நிலையம் எல்லாம். அவள் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டாள்.

"கல்லு போச்சுன்னா சர்வேயரைக் கூப்பிட்டு அளங்க. எம்பட பூமி. நான் கையெழுத்துப் போடறேன். அளந்து வேற கல்லு நடட்டும்."

"படம்?"

"படம் எதுக்குங்க? கல்லு நடறதுக்குப் படம் வேணுமா?"

"செஞ்சவன் யாருன்னு தெரியணுமில்ல."

"உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியுது. டேசனுக்கு எதுக்குத் தெரியணும்? எந்தம்பிய அங்க ஒக்கார வெச்சுப் பாக்கோணும், அதான உங்களுக்கு?"

அதுதான். ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. திருடியவன் காவல் நிலையப் பெஞ்சில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று நான் நினைத்தேன். அதில் என்ன தவறு?

"அவனுக்கு இணைச்சீர் செஞ்சவ நானு" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ அவனுக்கு அருகில் நின்று அந்தச் சீரைச் செய்ய வேண்டும். அது நடக்காமல் தாலி கட்ட மாட்டார்கள். இவள் அவனுக்குச் செய்தாள். அந்தச் சீருக்கு எடுத்த கூறைச்சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது. நல்லது. சீர் செய்தவளின் நிலத்தைத்தானே அவன் பொக்லைன் வைத்துத் தோண்டியிருக்கிறான் என்று கேட்டேன். அவள் பருத்திக்கொட்டையைப் பிசைந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு விரல் கிடையாது. மகனுடன் பேசுவதற்கு அவளே திறப்பாள், பேசுவாள், மூடுவாள், முந்தானையில் முடிந்துகொள்வாள். பேசும்போது நான் பக்கத்தில் வந்தால் போனை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மகனிடம் முறையிட்டேன். "அம்மா சொல்றதுல நியாயம் இருக்குதுல்லப்பா" என்றான். அவனுக்கு என்ன? தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தாள். முந்தானையில் முடிந்திருந்த போனை மெதுவாக எடுத்தேன். அவள் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

"ஏனுங்க" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

நான் அப்படியே நின்றேன்.

"பத்திரத்துல கைநாட்டு வாங்க வந்தவனாட்டம் நிக்கறீங்களே. இதுக்கா எட்டு ஊருக்குக் கணக்கெழுதி வந்தீங்க?"

"இது என் போன்."

"வெச்சுக்குங்க. விரலு என்னுது."

போனை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். செவ்வாய்ப்பேட்டையில் என்னோடு ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவர் மளிகை மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். அவர் காட்டிய சந்தில் போன் பழுது பார்க்கும் கடை. முட்டிபோட்டு உட்கார்ந்தால் தலை இடிக்கும் அளவுக்கு ஒரு பெட்டிக் கடை. உள்ளே இருந்தவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நெம்பர் மறந்துட்டீங்களா?"

"எனக்குத் தெரியாது. மனைவி போட்டது."

"அப்ப அவங்களையே கேட்கலாமே."

"கேட்டேன். தர மாட்டேங்கறா."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பக்கத்துக் கடைக்காரனும் எட்டிப் பார்த்தான். "பெருசு, உங்க சம்சாரம் போன்ல அப்படி என்ன பாக்கப் போறீங்க? இந்த வயசுல வேண்டாமே" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுபது வயதுக்காரியைச் சந்தேகப்படும் கணவன் என்று நினைத்துவிட்டார்கள். அளவுக்கல்லைப் பற்றி அவர்களிடம் விளக்கிக்கொண்டு நிற்பதா? திறக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டே நிமிசத்துல திறந்து தரேன்" என்றான். "ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். புதுசு மாதிரி ஆயிடும்."

"படம்?"

"படமும்தான். கார்டு போட்டிருந்தீங்கன்னா அதுல இருந்து எடுத்திருக்கலாம். போடலையே."

வெறும் போனைத் திறந்து நான் என்ன செய்வது? உண்டியலை உடைத்துப் பணத்தையும் எரித்துத் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொண்டு திரும்பினேன். பேருந்தில் ராசிபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையிலும் போன், அத்தனையும் திறந்திருந்தது.

போன் மறுபடி அவள் முந்தானைக்குப் போனது. சர்வேயர் வருவதற்கு அவள் பேரில் மனு எழுதி, அவள் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்திருந்தோம். அவர் வருவதாகச் சொன்ன நாளில் காலை வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். கிராம நிர்வாக அலுவலரும் அளவுச் சங்கிலி பிடிக்க ஓர் ஆளும் கூட வந்தார்கள். நில அளவு வரைந்த புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு மூலைக் கல்லைத் தேடினார். கல் இருந்த இடம் சமன் செய்யப்பட்டு, அதன் மேல் செம்மண் கொட்டி, லாரி டயர் தடம் பதிந்திருந்தது.

"இங்க ஒரு கல்லு இருக்கணுமே" என்றார் சர்வேயர்.

மச்சினன் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்திருந்தான். "கல்லா?" என்றான். "நான் பொறந்ததுல இருந்து இங்க கல்லைப் பாத்ததே இல்லீங்க சார். அந்தக் காலத்துல அப்பா வேலி ஓரமா வாய்ப்பேச்சுல பிரிச்சு உட்டதுதானுங்க."

"பொய்!" என்று கத்தினேன். "பொக்லைன் வெச்சுப் பிடுங்கினான் சார். என் கண்ணால பாத்தேன். படம் இருக்குது."

"காட்டுங்க."

காட்ட என்னிடம் என்ன இருந்தது? "அவ கிட்ட இருக்குது" என்றேன். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வாழை மரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தாள்.

சர்வேயர் பொறுமையாகச் சொன்னார். இந்த மூலைக் கல் இல்லை என்றால் மூன்று தோட்டங்கள் சேரும் முச்சந்திக் கல்லில் இருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும், அதற்கு மற்ற தோட்டக்காரர்களுக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இன்று முடியாது, இன்னொரு நாள்தான். புலப்படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். மச்சினன் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது அவள் நடந்து வந்தாள். என்னைத் தாண்டி, சர்வேயரைத் தாண்டி, நேராகத் தம்பியிடம் போனாள்.

"கல்லே இல்லீங்களா சாமி?"

"அக்கா, நீ ஊட்டுக்குப் போ. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"அப்பன் சந்தனம் வெச்சாரே. நீ டவுசர் போட்டுக்கிட்டு அது மேல ஏறிக் குதிச்சயே. அடி வாங்குனயே அதுக்கு. அந்தக் கல்லு இல்லீங்களா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்தாள். விரலை வைத்தாள். திறந்தது. நான் இரண்டடி முன்னால் போனேன். அவள் இடது கையை என் பக்கம் நீட்டினாள், மாட்டை நிறுத்துவது போல. போனை அவன் முகத்துக்கு நேரே, அவனுக்கு மட்டும் தெரியும்படி பிடித்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். எனக்குத் தெரிந்தது போனின் முதுகும் அவன் முகமும்தான்.

சர்வேயர், "என்னம்மா அது? இப்படிக் கொடுங்க" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. குடும்பப் படமுங்க" என்றாள்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சங்கிலி பிடிக்க வந்த ஆளிடம், "பண்ணைக்குப் பின்னால எருக்குழி இருக்குது. அதுக்குள்ள ஒரு கல்லு கெடக்குது. வா" என்றான். இரண்டு பேரும் போனார்கள். கோழி எரு ஒட்டிக்கொண்டு நாறிய கல்லை ஒரு தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மேலே வெட்டியிருந்த குறி அப்படியே இருந்தது. சர்வேயர் குனிந்து பார்த்தார்.

"இது எப்படி அங்க போச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தடம் சரி பண்றப்பத் தெரியாம பேந்து வந்திருக்குங்க. எருவோட சேந்து போயிருச்சாட்டம் இருக்குது."

தெரியாம! என் பதினோரு படத்தையும் பார்த்தவள், கூசாமல் அரசாங்க அதிகாரியிடம் தெரியாமல் என்கிறாள். சர்வேயர் என்னைப் பார்த்தார். என் நிலமாக இருந்தால் நான் பேசியிருப்பேன். மனுவில் இருப்பது அவள் பெயர். அவர் கல் கிடைத்ததில் திருப்தியாகிவிட்டார். குழி இருந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அடியில் பழைய சரளை கிடந்தது. இடம் சரியாகப் பொருந்தியது. வேலியின் மறுகோடிக் கல்லில் இருந்து சங்கிலி பிடித்துத் தூரத்தை மட்டும் சரிபார்த்தார். கல்லை நட்டார்கள். மச்சினனே மண்ணை மிதித்து இறுக்கினான். நாலடியும் திரும்பி வந்தது. வேலி வைத்துத் தருவதாகவும் ஒப்புக்கொண்டான்.

சர்வேயரும் கூட வந்தவர்களும் போன பிறகு அவள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, தம்பி பார்க்கும்படி, படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். குப்பைத்தொட்டி போல ஒரு குறி இருக்கும், அதை அமுக்கினால் போய்விடும் என்று மகன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் பிடுங்கப் போனேன். "உட்டுப்போடுங்க" என்றாள். பதினொன்றும் போயின.

"எல்லாம் போச்சு. வா, சாப்புடு" என்று தம்பியைக் கூப்பிட்டாள்.

வந்தான். எங்கள் வீட்டில், எனக்கு எதிரே உட்கார்ந்து, மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டான். பச்சைப்புளி ரசம் ஊற்றிக்கொண்டான். "அக்கா கை ரசம் வேற எங்கயும் கிடைக்காதுங்க மச்சான்" என்று என்னிடம் வேறு சொன்னான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மோரை மட்டும் எடுத்து வைத்தாள்.

அழித்த படங்கள் போனுக்குள்ளேயே வேறொரு மூலையில் கொஞ்ச நாள் கிடக்கும், மீட்டுவிடலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். அந்த மூலைக்குப் போகவும் அவள் விரல் வேண்டும். கேட்டேன். "கல்லு நின்னுருச்சுங்களே, இன்னும் எதுக்கு?" என்றாள். அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது.

நிலம் வந்துவிட்டது, அப்புறம் ஏன் கோபம் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். கரும்பு வண்டியில் கல்லை ஏற்றி எடை போட வந்தவன் பிடிபட்டால், கல்லை இறக்கிவிட்டு, வண்டியை மறுபடி எடை போட்டு அனுப்பிவிட்டால் போதுமா? அவன் பெயருக்கு எதிரே ஒரு குறி போட வேண்டாமா? போடாவிட்டால் அடுத்த பருவத்தில் அவனும் நல்லவன், கல் ஏற்றாதவனும் நல்லவன். இரண்டு பேருக்கும் ஒரே வரிசை. மச்சினன் இப்போது ஊரில், "அக்கா பூமிக்கு நானே முன்னால நின்னு கல்லு நட்டுக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, ஒரு படம் இல்லை.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். எழுதுவதற்கு யாருடைய விரலும் வேண்டியதில்லை. முடித்துவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். இணைச்சீரைப் பற்றி எழுதியது சரிதான் என்றாள். கட்டிலில் விரலைப் பிடித்ததை எதற்கு எழுதினீர்கள், ஊர் சிரிக்காதா என்றாள். பிறகு,

"எழுதுனது எழுதிப்போட்டீங்க. அவன் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

போடவில்லை.